இந்த ஆண்டா, அடுத்த ஆண்டா? கம்யூனிட்டி கல்லூரியிலிருந்து டேவிஸ் வேளாண் படிப்புக்கு

கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். தஞ்சைப் பக்கம் நெல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கணவர் மென்பொருள் துறை. வீட்டில் எல்லோரிடமும் கிரீன் கார்டு இருக்கிறது. மகனுக்கு 19 வயது. பக்கத்துக் கம்யூனிட்டி கல்லூரியில் (இரண்டாண்டுப் படிப்பு தரும் உள்ளூர் அரசுக் கல்லூரி) வேளாண்மை எடுத்து ஓராண்டு முடித்துவிட்டான். வார இறுதிகளில் ஒரு பாதாம் தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய் பார்க்கும் வேலை. அடுத்த ஆண்டு இலையுதிர் பருவத்தில் யூ.சி. டேவிஸில், அதாவது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், பயிர் அறிவியல் சேர வேண்டும் என்பது அவன் கனவு. இதுவரை 38 யூனிட் (பாடங்களின் அளவை எண்ணும் அலகு), ஜி.பி.ஏ. எனும் மதிப்பெண் சராசரி நான்குக்கு 3.29. ஆனால் 5 யூனிட் பொது வேதியியல் முதல் பாடத்தில் டி. "டேவிஸுக்கு டேக் என்று ஒரு உத்தரவாதம் உண்டாமே, 3.2 இருந்தால் போதுமாமே, அதைப் போட்டால் சீட் உறுதிதானே? வேதியியலை அங்கே போய் எழுதிக்கொள்ளலாமா? மூன்றாவது ஆண்டும் இங்கேயே இருந்தால் யூனிட் கூடிப்போய் யாரும் சேர்க்க மாட்டார்கள் என்கிறார் கணவரின் நண்பர். கம்யூனிட்டி கல்லூரி வழியாக வாங்கும் பட்டத்துக்கு மதிப்பு குறைவு என்று ஊரில் பேசுகிறார்கள். நானே போய்க் கவுன்சிலரைப் பார்க்கட்டுமா?" இவைதான் கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக்கு முந்தைய கேள்வியை முதலில் தீர்த்துவிடலாம், ஏனென்றால் அதற்குப் பதில் ஒரு வரிதான். டேவிஸ் தரும் பட்டத்தில் டேவிஸின் பெயர் மட்டுமே இருக்கும். முதல் இரண்டு ஆண்டு எங்கே படித்தான் என்பது அதில் வராது. நம் ஊரில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூ முடித்தவுடன் கட்-ஆஃபில் இடம் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்று பார்த்துப் பழகியவர்களுக்கு நடுவில் மாறுவது ஏதோ பின்வாசல் போலத் தோன்றும். கலிஃபோர்னியாவில் அது அரசே திட்டமிட்டு அமைத்த வழி. கம்யூனிட்டி கல்லூரியில் மாநிலவாசிக்கு யூனிட்டுக்கு 46 டாலர், யூ.சி.யில் படிப்புக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 15,000 டாலரை ஒட்டி வரும், தங்குவதும் சாப்பாடும் தனி. ஊரில் பேசுகிறவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது வேறொன்று. நீங்கள் எழுதிய எண்களை வைத்துப் பார்த்தால், உங்கள் மகன் வரும் ஆண்டே டேவிஸ் போவது ஏறக்குறைய நடக்காத காரியம். காரணம் அவன் திறமை இல்லை, கணக்கு.

3.29 எப்படி 3.1 ஆகிறது

கம்யூனிட்டி கல்லூரி மதிப்பெண் பட்டியலில் இருக்கும் ஜி.பி.ஏ. வேறு, யூ.சி. கணக்கிடும் ஜி.பி.ஏ. வேறு. யூ.சி.க்கு மாற்றத்தக்கது என்று ஒப்புக்கொள்ளப்பட்ட பாடங்களை மட்டுமே யூ.சி. எண்ணும். நீங்கள் அனுப்பிய பட்டியலில் டிராக்டர் இயக்கம் 3 யூனிட், பண்ணை வெல்டிங் 3 யூனிட், வேலை அனுபவம் 2 யூனிட், மூன்றிலும் ஏ. வேளாண் துறைகளில் இந்த மாதிரிச் செய்முறைப் பாடங்கள் பெரும்பாலும் யூ.சி. பட்டியலில் இருப்பதில்லை. அவற்றை எடுத்துவிட்டால் மிச்சம் 30 யூனிட், 93 புள்ளி (யூனிட்டுக்கு ஏ 4, பி 3, சி 2, டி 1 என்று கணக்கு); 93-ஐ 30-ஆல் வகுத்தால் 3.1. அந்த எட்டு யூனிட் ஏ-தான் 3.29 என்று காட்டிக்கொண்டிருந்தது.

பாடங்கள் வீண் என்று சொல்லவில்லை. டிராக்டர் ஓட்டத் தெரியாத பயிர் அறிவியல் பட்டதாரியைத் தோட்டக்காரர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பது உங்கள் மகனுக்கே தெரியும். ஆனால் டேவிஸ் கணக்கில் அவை இல்லை. சந்தேகம் இருந்தால் அசிஸ்ட் என்ற மாநிலத் தளத்தில் உங்கள் கல்லூரியின் 'யூ.சி.க்கு மாற்றத்தக்க பாடங்கள்' பட்டியலைத் திறந்து, பாட எண்ணை வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். பாடத்தின் பெயரை வைத்துத் தேட வேண்டாம். ஒரே பெயரில் இரண்டு பாடம் இருக்கும், ஒன்று செல்லும், ஒன்று செல்லாது.

இப்போது டேக். ஆறு யூ.சி. வளாகங்கள் இந்த உத்தரவாதத்தைத் தருகின்றன: டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ தருவதில்லை. ஒருவர் ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் டேக் போடலாம். செப்டம்பர் 1 முதல் 30 வரைதான் போட முடியும். டேவிஸில் பெரும்பாலான பிரிவுகளுக்கு 3.2 கீழ் எல்லை. சில பிரிவுகளுக்கு இன்னின்ன பாடம் முடித்திருக்க வேண்டும், அவற்றில் தனி சராசரி வேண்டும் என்று கூடுதல் நிபந்தனையும் உண்டு. அந்தந்த ஆண்டு வெளியாகும் டேவிஸ் விதித்தாளைப் பிரிவின் பெயரோடு படிக்க வேண்டும்.

ஆக, இந்தச் செப்டம்பரில் அவன் கையில் இருப்பது 3.1. டேக் கிடைக்காது. இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டேக் போட்டால் விண்ணப்பம் வேண்டாம் என்று நினைத்திருக்கிறீர்கள். டேக் தனி, யூ.சி. விண்ணப்பம் தனி. அக்டோபர் தொடங்கி நவம்பர் கடைசி வரையிலான காலத்தில் அதே வளாகம், அதே பிரிவு என்று விண்ணப்பம் அனுப்பாவிட்டால் டேக் செல்லாது. ஜனவரியில் இலையுதிர் பருவ மதிப்பெண்ணைப் புதுப்பித்துத் தர வேண்டும். அதை மறந்து இடத்தை இழப்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு.

55-இல் நிற்கும் கூட்டல்

சரி, டேக் இல்லாமல் சாதாரணமாக விண்ணப்பிக்கலாமே என்று உங்கள் கணவர் கேட்பார். அங்கேதான் இரண்டாவது தடை. யூ.சி.யில் மூன்றாம் ஆண்டு மாணவனாகச் சேர, சேருவதற்கு முந்தைய வசந்த பருவ முடிவுக்குள் 60 செமஸ்டர் யூனிட் வேண்டும், அதுவும் யூ.சி.க்கு மாற்றத்தக்க யூனிட். சேரும் ஆண்டின் கோடையில் எடுப்பது இந்தக் கணக்கில் சேராது.

அவனிடம் 30. இந்தப் பருவத்தில் 15, அடுத்த பருவத்தில் 15 எடுத்தால் 60 என்று தோன்றும். ஆனால் டி வாங்கிய வேதியியலைத் திரும்ப எழுதும்போது அந்த 5 யூனிட் புதிதாகச் சேராது. பழையதன் இடத்தில் உட்காரும். 30 கூட்டல் 30 கழித்தல் 5. ஐம்பத்தைந்து.

பருவத்துக்கு 17, 18 யூனிட் ஏற்றி இழுக்கலாம். வேதியியல், உயிரியல், கால்குலஸ் மூன்றும் ஆய்வகமும் வீட்டுப்பாடமுமாக நிற்கும் பருவத்தில், வார இறுதித் தோட்ட வேலையோடு அதைச் செய்தால் இன்னொரு டி வரும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

வேதியியலைத் தள்ளிப்போட முடியாது

"அங்கே போய் எழுதிக்கொள்ளலாமா" என்பதுதான் உங்கள் கடிதத்தில் ஆபத்தான வரி. பயிர் அறிவியலில் மண் வேதியியல், பயிர் ஊட்டம், பூச்சிமருந்தின் செயல்பாடு எல்லாமே வேதியியல் மேல் நிற்கின்றன. பொது வேதியியல் ஒன்று, இரண்டு, அதன் பிறகு கரிம வேதியியல் ஒன்று, இரண்டு: இவற்றை வரிசை மாற்றி எடுக்க முடியாது. ஒன்றில் சி அல்லது மேல் வாங்காமல் அடுத்ததில் பதிவு செய்யவே விடமாட்டார்கள். ஒவ்வொன்றும் ஒரு பருவம். நான்கு பாடம் என்றால் இரண்டு முழு ஆண்டு. 'இரண்டே ஆண்டில் மாற்றம்' என்ற பேச்சு, முதல் பருவத்திலேயே வேதியியலில் இறங்கி எங்கும் வழுக்காதவர்களுக்குத்தான் பொருந்தும். அறிவியல் பிரிவுகளில் மூன்று ஆண்டு எடுப்பது சர்வ சாதாரணம்.

டேவிஸ் குவார்ட்டர் முறையில் நடக்கிறது. பத்து வாரத்தில் ஒரு பாடம் முடிந்துவிடும். மூன்றாவது, நான்காவது வாரத்திலேயே முதல் இடைத்தேர்வு. பதினாறு வார செமஸ்டரில் தடுமாறிய பாடத்தை அந்த வேகத்தில், நூற்றுக்கணக்கானோர் உட்காரும் வகுப்பில் படிப்பது எளிதல்ல.

செமஸ்டரும் குவார்ட்டரும் ஒன்றோடொன்று பொருந்தாத இடம் இன்னொன்று இருக்கிறது. அசிஸ்ட் தளத்தில் உங்கள் கல்லூரிக்கும் டேவிஸுக்கும் இடையிலான ஒப்பந்தத்தைத் திறந்தால் இடப்பக்கம் டேவிஸ் பாடம், வலப்பக்கம் உங்கள் கல்லூரிப் பாடம். டேவிஸின் மூன்று குவார்ட்டர் வேதியியலுக்கு எதிரே உங்கள் கல்லூரியின் இரண்டு செமஸ்டர் பாடங்கள் 'அண்ட்' என்ற சொல்லால் கட்டப்பட்டிருக்கலாம். அப்படியானால் இரண்டையும் முடித்தால்தான் மூன்றும் கிடைக்கும். ஒன்றை மட்டும் முடித்துவிட்டுப் போனால் பாதியில் தொங்கும். அங்கே படித்ததையே திரும்பப் படிக்கவும் நேரும், படிக்காத பகுதியைத் தாண்டிப் போகவும் நேரும். கரிம வேதியியலுக்கும் உயிரியல் தொடருக்கும் இதே விதி. ஆகவே தொடரைத் தொடங்கினால் அதே கல்லூரியில் முடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். முதல் பாடம் இங்கே, இரண்டாவது பக்கத்து ஊர்க் கல்லூரியில் என்று பிரித்தால் ஒப்பந்தம் பொருந்தாமல் போகலாம். சில வரிகளில் 'இணையான பாடம் இல்லை' என்று இருக்கும். அதற்குப் பதற வேண்டாம், அதை டேவிஸ் போய் எடுத்தால் போதும்.

நல்ல செய்தியும் இதில்தான் இருக்கிறது. டி வாங்கிய பாடத்தைத் திரும்ப எழுதி சி அல்லது அதற்கு மேல் வாங்கினால் யூ.சி. புதிய மதிப்பெண்ணையே கணக்கில் எடுக்கும். 5 யூனிட் டி-க்கு 5 புள்ளி. பி ஆனால் 15. அவனுடைய 93 அப்படியே 103 ஆகும், 30 யூனிட்டுக்கு 3.43. ஒரே பாடம் அவனை 3.2 எல்லைக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோய்விடும். ஆனால் சி வாங்கிய பாடத்தை 'இன்னும் நல்லா வாங்கலாம்' என்று திரும்ப எழுதினால் யூ.சி. அதை மதிக்காது. அந்த ஆசையில் பருவத்தை வீணாக்க வேண்டாம்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஆய்வகப் பாடம் என்பதால் வேதியியல் வகுப்புகளில் இருபத்துச் சொச்சம் இடம்தான் இருக்கும், ஆகஸ்டில் நிரம்பியிருக்கும். காத்திருப்புப் பட்டியலில் பெயர் போட்டுவிட்டு முதல் வகுப்புக்கும் முதல் ஆய்வகத்துக்கும் நேரில் போய் உட்கார வேண்டும். முதல் நாள் வராதவர்களின் பெயரை ஆசிரியர் அடித்துவிட்டு, வந்து நிற்பவர்களுக்குச் சேர்க்கை எண் தருவார். வீட்டிலிருந்து கணினியில் பார்த்துக்கொண்டிருந்தால் கிடைக்காது.

மூன்றாம் ஆண்டு என்றால் என்ன ஆகும்

கணவரின் நண்பர் சொன்னது பாதி உண்மை. யூ.சி. கம்யூனிட்டி கல்லூரியிலிருந்து அதிகபட்சம் 70 செமஸ்டர் யூனிட்டைத்தான் பட்டத்துக்கான யூனிட்டாக எடுத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு மேல் படித்த பாடங்கள் அழிந்துபோவதில்லை. 'இந்தப் பாடம் முடித்தாயிற்று' என்ற தகுதி அப்படியே நிற்கும். கம்யூனிட்டி கல்லூரியில் மட்டும் படித்தவனை யூனிட் அதிகம் என்று தள்ள மாட்டார்கள். அந்தப் பயம் நான்காண்டுப் பல்கலைக்கழகங்களில் ஏற்கெனவே நிறையப் படித்துவிட்டு வருபவர்களுக்கு உரியது.

செலவு? முழுநேர மாணவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டு கட்டணம் தள்ளுபடி செய்யும் திட்டம் பல கல்லூரிகளில் இருக்கிறது. மூன்றாம் ஆண்டு அது இருக்காது. பருவத்துக்கு 15 யூனிட் என்றால் 690 டாலர், புத்தகம் தனி. வீட்டிலிருந்தே போய்வருகிறான். டேவிஸில் ஒரு பாடத்தில் தோற்று ஒரு குவார்ட்டர் கூடுதலாகத் தங்குவதோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை.

ஆகவே என் யோசனை: இந்த ஆண்டு பொது வேதியியல் இரண்டையும் உயிரியல் தொடரையும் முடிக்கட்டும். அடுத்த செப்டம்பரில் டேக் போடட்டும். திரும்ப எழுதும் வேதியியலில் பி-யும் மற்ற 25 புதிய யூனிட்டில் சராசரி 3.3-உம் வாங்கினால் அப்போது அவன் 3.37-இல் நிற்பான். மூன்றாம் ஆண்டில் கரிம வேதியியல், புள்ளியியல், மிச்சமிருக்கும் பொதுப் பாடங்கள். பொதுப் பாடத் தொகுப்பு 2025 இலையுதிர் பருவம் முதல் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு யூ.சி., சி.எஸ்.யூ. (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) இரண்டுக்கும் பொதுவான கால்-கெட்சி. அதற்கு முன்பு சேர்ந்தவர்களுக்குப் பழைய ஐகெட்சி. எதுவானாலும் அறிவியல் பாடங்கள் முதலில், வரலாறும் ஓவியமும் பிறகு. பலர் எளிய பாடங்களை முதலில் முடித்துவிட்டு, கடைசியில் வேதியியல் மட்டும் வரிசையாக மிஞ்சி மாட்டிக்கொள்கிறார்கள்.

காத்திருக்க மனமில்லை என்றால்

யூ.சி. மட்டுமே வழி இல்லை. மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழக அமைப்பான சி.எஸ்.யூ.வில் நான்கு வளாகங்களில் வேளாண் கல்லூரி இருக்கிறது: ஃபிரெஸ்னோ, சிக்கோ, சான் லூயிஸ் ஒபிஸ்போவில் கால் பாலி, பொமோனாவில் கால் பாலி. 2025-26-இல் அங்கே அடிப்படைப் படிப்புக் கட்டணம் 6,450 டாலர். வளாகக் கட்டணம் அதற்கு மேல்.

இங்கே அவன் கணக்கு வேறு மாதிரி விழுகிறது. அந்த டிராக்டர், வெல்டிங், வேலை அனுபவப் பாடங்கள் உங்கள் கல்லூரிக் கையேட்டில் 'சி.எஸ்.யூ.' என்று குறிக்கப்பட்டிருந்தால் அவையும் சேரும். 38 கூட்டல் 30 கழித்தல் 5, அதாவது 63. வரும் ஆண்டே போகலாம். பேச்சுத்திறன், எழுத்து, விமர்சனச் சிந்தனை, கணிதம் ஆகிய நான்கு பாடங்களும் முடிந்திருக்க வேண்டும். பேச்சுப் பாடத்தை மறந்துவிடுகிறவர்கள் அதிகம்.

கம்யூனிட்டி கல்லூரி தரும் மாற்றத்துக்கான இணைப் பட்டம் என்று ஒன்று இருக்கிறது, 2010-இல் வந்த சட்டத்தின்படி. வேளாண் பயிர் அறிவியலில் அதை முடித்தால் சி.எஸ்.யூ. அமைப்பில் ஓரிடம் உறுதி. ஒத்த பிரிவில் சேர்ந்தால் மேற்கொண்டு 60 யூனிட்டில் பட்டத்தை முடிக்கலாம். 'அமைப்பில் ஓரிடம்' என்பதை அழுத்திப் படியுங்கள். கேட்ட வளாகம், கேட்ட பிரிவு என்ற உறுதி இல்லை. கால் பாலி சான் லூயிஸ் ஒபிஸ்போவில் பிரிவு வாரியாகப் போட்டி. 'ஏதாவது ஒரு பிரிவில் நுழைந்துவிட்டு உள்ளே மாறிக்கொள்ளலாம்' என்ற நம் ஊர் உத்தி அங்கே பெரும்பாலும் எடுபடாது.

எது மேல் என்று கேட்டால், அவன் என்ன வேலை பார்க்க விரும்புகிறான் என்று திருப்பிக் கேட்பேன். விதை நிறுவனத்தில் ரகம் உருவாக்குவது, முதுகலை, ஆராய்ச்சி என்றால் டேவிஸுக்காக ஓராண்டு காத்திருக்கலாம். பூச்சி நோய் பார்த்துத் தோட்டக்காரருக்கு எழுதித் தரும் உரிமம் பெற்ற ஆலோசகர், தோட்ட மேலாளர் என்றால் ஃபிரெஸ்னோவும் சிக்கோவும் எள்ளளவும் குறைந்தவை அல்ல. பள்ளத்தாக்கில் வேலைக்கு எடுப்பவர்களில் பலர் அங்கே படித்தவர்கள். அந்த உரிமத்தை மாநிலப் பூச்சிமருந்து ஒழுங்குமுறைத் துறை தருகிறது. அதற்குப் பட்டத்தோடு குறிப்பிட்ட துறைகளில் பாட யூனிட்டும் தேர்வும் வேண்டும் என்பதால் எந்த வளாகமானாலும் பாடத் தேர்வில் அதை மனதில் வைக்க வேண்டும்.

இரண்டு அமைப்புக்கும் விண்ணப்பிப்பதில் தவறில்லை. யூ.சி. விண்ணப்பத்தில் நான்கு சிறு கட்டுரைகள், ஒவ்வொன்றும் 350 சொல்லுக்குள். அதில் 'எனக்குச் சிறு வயதிலிருந்தே விவசாயம் பிடிக்கும், தாத்தா நெல் பயிரிட்டார்' என்று தொடங்கினால் படிப்பவர் கொட்டாவி விடுவார். தோட்டத்தில் அவன் செய்யும் வேலையை எழுதட்டும்: வரிசையின் கடைக்கோடி மரங்கள் ஏன் வாடின, வடிகட்டியின் இரு பக்க அழுத்தமானியில் என்ன வித்தியாசம் கண்டான், குழாய் முனையைத் திறந்து விட்டபோது என்ன நிறத்தில் தண்ணீர் வந்தது, சொட்டுவாயை அடைத்திருந்தது மணலா பாசியா சுண்ணாம்பா, அதை எப்படிக் கண்டுபிடித்தான். டி-யைப் பற்றியும் ஒளிக்காமல் இரண்டு வரி, காரணமும் செய்த மாற்றமும். அதற்கு மேல் வேண்டாம்.

நிதி உதவி விண்ணப்பத்தை, வருமானம் அதிகம் என்று நீங்களே முடிவு செய்து விட்டுவிடாதீர்கள். கிரீன் கார்டு இருப்பதால் மத்திய அரசின் ஃபாஃப்சா படிவம் போடலாம். நடுத்தர வருமானக் குடும்பங்களுக்கான மாநில உதவித்தொகைக்கும் அதே படிவம்தான். மாநில உதவிக்கு மார்ச் 2 என்ற கெடுவைக் குறித்துவையுங்கள்.

கவுன்சிலரை நீங்கள் பார்க்கலாமா

போகலாம், ஆனால் உங்களிடம் அவர் பேச மாட்டார். கல்லூரியில் சேர்ந்துவிட்டால் மதிப்பெண் பற்றிய உரிமை முழுக்க மாணவனுடையது, வயது எதுவானாலும், கட்டணம் யார் கட்டினாலும். அவன் எழுத்தில் ஒப்புதல் தராமல் அவன் படிப்பு விவரத்தை உங்களிடம் சொல்வதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. அவனோடு சேர்ந்து போனாலும் அவனைத்தான் பேச விடுவார்கள்.

அவன் பொதுக் கவுன்சிலரிடம் நேரம் வாங்காமல் 'டிரான்ஸ்ஃபர் சென்டர்' கவுன்சிலரிடம் அரை மணி நேரமாவது வாங்கட்டும். செப்டம்பர் நெருங்கினால் இடம் கிடைக்காது. போகும்போது மூன்று தாள் கையில் இருக்க வேண்டும்: மதிப்பெண் பட்டியல், அசிஸ்ட் தளத்தில் எடுத்த டேவிஸ் பயிர் அறிவியல் ஒப்பந்தம், அதே பிரிவுக்கு ஃபிரெஸ்னோ ஒப்பந்தம். மீதியிருக்கும் நான்கு பருவத்துக்கும் பாட வாரியாகத் திட்டம் எழுதி, அவர் கையெழுத்தோடு கல்லூரிக் கணினியில் பதியச் சொல்ல வேண்டும். ஆறு மாதம் கழித்து வேறொரு கவுன்சிலர் வேறு மாதிரி சொன்னால் காட்டுவதற்கு அது வேண்டியிருக்கும்.